கண்ணாடிக்குள் ஒளிப்பாதை எழுதுவது எப்படி: ஃபெம்டோ லேசரில் முதன்முறை கை வைப்பவர்களுக்கு

கடலூர், சிதம்பரம், விழுப்புரம் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்கு வந்து இந்த வேலையைக் கற்றுக்கொள்ள நினைக்கும் மாணவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது, "லேசர் பவர் எவ்வளவு வைக்கணும்?" என்பதைத்தான். எண்கள் சொல்கிறேன், கீழே வரும். அதற்கு முன்னால் ஒன்றைப் பிடித்துக்கொள்ளுங்கள்: கண்ணாடிக்குள் கோடு தெரிவது வேறு, அந்தக் கோட்டில் ஒளி ஓடுவது வேறு. நுண்ணோக்கியில் கருப்பாக, எடுப்பாகத் தெரியும் கோட்டைப் பார்த்து எல்லாருக்கும் சந்தோஷம் வரும். பெரும்பாலும் அந்தக் கோட்டில் ஒளி சிதறி வீணாகப் போயிருக்கும். நல்ல வேவ்கைடு (ஒளியைத் தனக்குள்ளேயே கொண்டுபோகும் பாதை) கண்ணுக்கு லேசாகத்தான் தெரியும், சில சமயம் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கும். இந்தக் கட்டுரை முழுக்க அந்த வித்தியாசத்தைச் சுற்றித்தான்.

உள்ளே என்ன நடக்கிறது

ஒளியைக் கடத்தும் கண்ணாடி இழையான ஃபைபரின் நடுப்பகுதிக்கு ஒளிவிலகல் எண் சுற்றியிருக்கும் கண்ணாடியைவிடக் கொஞ்சம் கூடுதல், அதனால் முழு அக எதிரொளிப்பு நடந்து ஒளி உள்ளேயே ஓடுகிறது, இது பள்ளிப் பாடம். நாம் அந்த நடுப்பகுதியை ஒரு சாதாரணக் கண்ணாடித் துண்டுக்குள், வேண்டிய ஆழத்தில், வேண்டிய வளைவோடு லேசரால் உண்டாக்குகிறோம். 1996ல் ஜப்பானின் கியோட்டோவில் டேவிஸ், மியூரா, சுகிமோட்டோ, ஹிராவோ ஆகியோர் இதை முதலில் செய்து வெளியிட்டார்கள்.

நம் லேசரின் 1030 நானோமீட்டர் அகச்சிவப்பு ஒளி கண்ணாடியை ஒன்றும் செய்யாமல் கடந்து போய்விடும். அதன் ஒரு ஃபோட்டானிடம் இருப்பது சுமார் 1.2 எலக்ட்ரான் வோல்ட், தூய சிலிக்கா கண்ணாடியான ஃப்யூஸ்டு சிலிக்காவில் எலக்ட்ரானைக் கிளப்பச் சுமார் 9 வேண்டும். ஏறக்குறைய எட்டு ஃபோட்டான்கள் ஒரே கணத்தில் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும், அவ்வளவு நெரிசல் லென்ஸின் குவியத்தில், அதுவும் லேசரிலிருந்து விட்டு விட்டு வரும் ஒவ்வொரு ஒளித்துடிப்பும் மிக மிகக் குறுகியதாக இருந்தால்தான் கிடைக்கும். 300 ஃபெம்டோ விநாடியில் (ஒரு ஃபெம்டோ விநாடி என்பது விநாடியில் ஆயிரம் லட்சம் கோடியில் ஒரு பங்கு) ஒளியே 90 மைக்ரோமீட்டர் தூரம்தான் போக முடியும், ஒரு தலைமுடியின் தடிமன் அளவு. அதனால்தான் மேற்பரப்பு அப்படியே இருக்க, உள்ளே ஒரு புள்ளி மட்டும் மாறுகிறது. மாற்றம் என்று பார்த்தால் ஒளிவிலகல் எண்ணில் 0.001 என்ற அளவில்தான். அது போதும்.

கண், கை, அப்புறம் வளையல்

இதைத் தாண்டிப் போகாதீர்கள். இவை லேசர் பாதுகாப்பு வரிசையில் மிக ஆபத்தான நான்காம் வகுப்பு (Class 4) லேசர்கள். 1030 கண்ணுக்குத் தெரியாது, ஆனால் விழித்திரை வரை நேராகப் போகும், வலியும் இருக்காது, தெரியும்போது பார்வை போயிருக்கும். 1030க்கு உரிய பாதுகாப்புக் கண்ணாடி அதே லேசரிலிருந்து எடுக்கும் 515 நானோமீட்டர் பச்சை ஒளிக்கு உதவாமல் போகலாம், எந்த அலைநீளம் ஓடுகிறது என்று பார்த்து மாட்டுங்கள். மோதிரம், கைக்கடிகாரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்துவிட்டு உள்ளே போங்கள், ஒரு வளையலில் பட்டுத் தெறித்தாலே ஆபத்து. நாற்காலியில் உட்கார்ந்தால் கண் மட்டம் லேசர் கற்றையின் உயரத்துக்கு வரும், ஆகவே மேசை அருகே உட்காராதீர்கள், கீழே விழுந்ததை எடுக்கக் குனிவதானால் ஷட்டரை மூடிவிட்டுக் குனியுங்கள்.

எந்தக் கண்ணாடி

கையைப் பழக்க நுண்ணோக்கி ஸ்லைடு போதும். ஆனால் அதில் நல்ல வேவ்கைடு வரும் என்று எதிர்பார்க்காதீர்கள், அது ஜன்னல் கண்ணாடி வகையான சோடா-லைம், குவியம் பிடிக்கவும் பாலிஷ் பழகவும்தான் சரி. உண்மையான வேலைக்கு இரண்டு வழி. ஒன்று, கார்னிங் நிறுவனத்தின் ஈகிள் எக்ஸ்ஜி மாதிரி, டிவி, ஃபோன் திரைகளுக்கு வரும், கார உலோகங்கள் இல்லாத அலுமினோ-போரோசிலிகேட் கண்ணாடி. இன்னொன்று ஃப்யூஸ்டு சிலிக்கா. புதியவர்களுக்கு நான் சொல்வது ஈகிள்தான், காரணம் கீழே. ஃபாஸ்பேட் கண்ணாடி பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள், அதில் பல கலவைகளில் லேசர் பட்ட இடத்தில் ஒளிவிலகல் எண் குறைகிறது, ஒளி கோட்டுக்குள் போகாமல் கோட்டுக்குப் பக்கத்தில் போகும், குழம்பிப் போவீர்கள்.

துண்டு வெட்ட தனிக்கருவி தேட வேண்டாம். படச்சட்டம் போடும் கண்ணாடிக் கடைகளில் வைரக் கட்டர் வைத்திருப்பார்கள், அவர்கள் கைப்பழக்கத்துக்கு ஒரு மில்லிமீட்டர் தகட்டை நேர்கோட்டில் உடைத்துக் கொடுப்பது சாதாரணம். 25 மில்லிமீட்டர் நீளம் இருக்கட்டும், பிடித்துப் பாலிஷ் செய்ய வசதி.

கழுவும்போது நம் ஊர்க் காற்றை நினைவில் வையுங்கள். அசிட்டோன் ஊற்றினால் சட்டென்று ஆவியாகிக் கண்ணாடியைக் குளிரவைக்கும், கடற்கரை ஈரம் அதன்மேல் படிந்து வெள்ளையாய் ஒரு திரை நிற்கும், காய்ந்ததும் வட்ட வட்டமாகக் கறை. அசிட்டோன் காய்வதற்குள் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலை ஊற்றி, லென்ஸ் தாளை ஒரே திசையில் ஒருமுறை இழுத்துவிடுங்கள். கறை இருந்த இடத்தில் கோடு அறுந்திருப்பதை அப்புறம் நீங்களே பார்ப்பீர்கள்.

அறையும் சில்லரும்

வெளியூர்ப் பாடப்புத்தகங்களில் இது இருக்காது. லேசர்த் தலையைக் குளிர்விக்கும் சில்லரில் தண்ணீர் 20, 22 டிகிரி என்று வைத்திருப்பார்கள். அறை 32 டிகிரி, ஈரப்பதம் 75 சதவீதம் என்றால் பனிப்புள்ளி (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் வெப்பநிலை) சுமார் 27 டிகிரி. அதாவது ஏசி நின்று சில்லர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால், லேசருக்குள் வியர்க்க ஆரம்பிக்கும். மின்சாரம் போய் ஜெனரேட்டர் எடுக்கும்போது பெரும்பாலும் இதுதான் நடக்கிறது: சில்லர் யுபிஎஸ்ஸில் இருக்கும், ஏசி இருக்காது. ஏசி நின்றால் லேசரையும் சில்லரையும் முறைப்படி நிறுத்திவிடுவது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஈரப்பதமானி ஒன்றை மேசைமேல் வையுங்கள், அதன் விலை லேசர் விலையின் முன் ஒன்றுமே இல்லை.

கண்ணாடியை நகர்த்தும் மேடையான ஸ்டேஜ், காற்றில் மிதக்கும் ஏர்-பேரிங் வகை என்றால் கம்ப்ரெசரில் தண்ணீர் சேரும், காலையில் வால்வைத் திறந்து வடித்துவிட்டுத்தான் மற்ற வேலை. லேசரைக் குவிக்கும் லென்ஸ்களான ஆப்ஜெக்டிவ்களை வேலை முடிந்ததும் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவுக்குள் வையுங்கள், கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும், கடலோரத்தில் லென்ஸில் பூஞ்சை பிடிக்க ஒரு மழைக்காலம் போதும். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது வந்த மழையைப் பார்த்தவர்கள் யுபிஎஸ்ஸையோ கன்ட்ரோலரையோ தரையில் வைக்க மாட்டார்கள்.

இவ்வளவும் உங்கள் கல்லூரியில் இல்லையென்றால் மனம் தளர வேண்டாம். மத்திய அரசின் ஐ-ஸ்டெம் தளத்தில் எந்த நிறுவனத்தில் என்ன கருவி இருக்கிறது என்று தேடி நேரம் பதிவு செய்யலாம். வெட்டுவது, கழுவுவது, பாலிஷ், அளவீடு எல்லாம் உங்கள் ஊரிலேயே நடக்கும், எழுதுவதற்கு மட்டும் ஒருநாள் போய்வந்தால் போதும்.

பவர் கணக்கு

சரி, கேட்ட கேள்விக்கு வருகிறேன். வாட்டில் பேசுவதை விட்டுவிடுங்கள். ஒரு துடிப்பின் ஆற்றல் என்ன, ஒரு மைக்ரோமீட்டர் நீளத்தில் எத்தனை துடிப்பு விழுகிறது, இந்த இரண்டும்தான் கணக்கு. சராசரி பவர் 200 மில்லிவாட், விநாடிக்கு 10 லட்சம் துடிப்பு என்றால் ஒன்றுக்கு 200 நானோஜூல். ஸ்டேஜ் விநாடிக்கு 20 மில்லிமீட்டர் ஓடினால் மைக்ரோமீட்டருக்கு 50 துடிப்பு. பவரை ஆப்ஜெக்டிவுக்குப் பின்னால் அளந்து குறியுங்கள், முன்னால் அளந்ததில் கணிசமான பங்கு லென்ஸுக்குள்ளேயே போய்விடும். மீட்டரைக் குவியத்தில் வைக்காதீர்கள், சென்சார் பொசுங்கும், நன்றாகத் தள்ளி விரிந்த இடத்தில் வையுங்கள்.

ஈகிள் கண்ணாடிக்குத் தொடக்க எண்கள்: 1030 நானோமீட்டர், 300 ஃபெம்டோ விநாடி சுற்றி, 1 மெகாஹெர்ட்ஸ், என்.ஏ (லென்ஸ் எவ்வளவு கூர்மையாகக் குவிக்கும் என்பதைச் சொல்லும் எண்) 0.4 முதல் 0.6 வரை உள்ள ஆப்ஜெக்டிவ், 200 முதல் 400 நானோஜூல், விநாடிக்கு 10 முதல் 40 மில்லிமீட்டர், ஆழம் 150 மைக்ரோமீட்டர் சுற்றி. இதில் நடப்பது என்னவென்றால், குவியத்தில் விழுந்த வெப்பம் வெளியேற ஏறத்தாழ ஒரு மைக்ரோவிநாடி ஆகும், அதற்குள் அடுத்த துடிப்பு வந்துவிடும், வெப்பம் சேர்ந்து சேர்ந்து ஒரு சின்ன இடம் உருகும். உருகிய இடம் தன்னால் உருண்டையாகும். குவியமே நீள்வட்டமாக இருந்தாலும் வேவ்கைடின் குறுக்குவெட்டு வட்டத்துக்கு நெருங்கி வருவது இதனால்தான், புதியவர்களுக்கு ஈகிள் என்று சொன்னதும் இதனால்தான்.

ஃப்யூஸ்டு சிலிக்காவில் இந்த உதவி எளிதில் கிடைக்காது. என்.ஏ 0.4ல் 1030 ஒளியின் குவியம் குறுக்கே மூன்று மைக்ரோமீட்டர் என்றால் ஆழவாக்கில் பத்துக்குப் பக்கம் நீண்டிருக்கும், வேவ்கைடும் அப்படியே நெட்டையாக வரும். லென்ஸுக்கு முன் ஒரு பிளவு வைத்து, பிளவின் நீளம் எழுதும் திசைக்கு இணையாக இருக்கும்படி செய்தால் குவியம் பக்கவாட்டில் அகலும். அல்லது பக்கத்துப் பக்கத்தில் பலமுறை ஓட்டி அகலப்படுத்தலாம். அல்லது 515க்கு மாறலாம், அங்கே நான்கு ஃபோட்டான் போதும். சிலிக்காவில் ஆற்றலைக் கூட்டிக்கொண்டே போனால் முதலில் மென்மையான மாற்றம், அப்புறம் ஒளியின் முனைவாக்கத்துக்கு (அதன் மின்புலம் அதிரும் திசைக்கு) செங்குத்தாக நிற்கும் நுண்ணிய நானோ வரிகள், அதற்கும் மேலே போனால் ஓட்டை. உங்களுக்கு வேண்டியது முதலாவது. முனைவாக்கம் எந்தத் திசை என்று நோட்டில் எழுதிவையுங்கள், நானோ வரிகள் லேசாக வந்தாலும் வேவ்கைடு முனைவாக்கத்தைப் பொறுத்து வேறு மாதிரி நடக்கும்.

மேற்பரப்பைக் கண்டுபிடிப்பது

என்னைக் கேட்டால் அறையில் மிக நிதானமாகச் செய்ய வேண்டிய வேலை இதுதான். பவரை மிகக் குறைத்து, மேற்பரப்பிலிருந்து திரும்பி வரும் ஒளியைக் கேமராவில் பாருங்கள். ஆப்ஜெக்டிவை மெல்ல இறக்கும்போது மங்கலான வட்டம் சுருங்கிச் சுருங்கி ஒரு கூர்மையான புள்ளியாகும், தாண்டினால் மறுபடி விரியும். அந்தப் புள்ளியே பூஜ்யம். ஒருமுறை கீழிருந்தும் ஒருமுறை மேலிருந்தும் வந்து பாருங்கள், இரண்டும் ஒரே எண்ணைக் காட்ட வேண்டும். அப்புறம் துண்டின் நான்கு மூலைக்கும் போய் அதையே செய்யுங்கள். மூலைக்கு மூலை வித்தியாசம் சில மைக்ரோமீட்டருக்குள் வரும்வரை சாய்வைத் திருத்துங்கள், இல்லையென்றால் கோட்டின் ஒரு முனை ஓர் ஆழத்திலும் மறுமுனை வேறு ஆழத்திலும் இருக்கும், அதற்கேற்ப வேவ்கைடின் தன்மையும் மாறிக்கொண்டே போகும்.

ஆழம் எண்ணும்போது ஒளிவிலகலை மறக்காதீர்கள். ஸ்டேஜை 100 மைக்ரோமீட்டர் நகர்த்தினால் கண்ணாடிக்குள் குவியம் ஏறத்தாழ 150 இறங்கும்.

எழுதுவது

பத்துப் பவர், மூன்று வேகம், முப்பது கோடுகள். ஒவ்வொன்றுக்கும் நடுவில் 50 மைக்ரோமீட்டர், பத்துக்கு ஒருமுறை 200 இடைவெளி, எண்ணச் சுலபம். இடது ஓரத்தில் வேண்டுமென்றே அதிகப் பவரில் ஒரு தடித்த கோடு போட்டுவிடுங்கள், துண்டு கைமாறித் திரும்பினாலும் எந்தப் பக்கம் எது என்று அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். எல்லாவற்றையும் ஒரே திசையில் எழுதுங்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்று எழுதினால் நேரம் மிச்சம்தான், ஆனால் துடிப்பின் முகம் (ஒளி முன்னேறும் முகப்பு) சற்றுச் சாய்ந்திருந்தாலும் இரண்டு திசைக்கும் இரண்டு விதமாக வரும், எதனால் வித்தியாசம் என்று பின்னால் பிரித்தறிய முடியாது. ஸ்டேஜ் கண்ணாடிக்கு வெளியே ஓரிரு மில்லிமீட்டர் முன்பே ஓட ஆரம்பித்து வெளியேறிய பிறகு நிற்கட்டும், உள்ளே வேகம் ஒரே சீராக இருக்கும்.

கோடுகளை எழுதி முடிக்கச் சில நிமிடம்தான் ஆகும். நேரம் தின்பது அடுத்தது.

பாலிஷ்

கண்ணாடியின் விளிம்புக்குப் பக்கத்தில் லேசர் கற்றையின் பாதி மேற்பரப்பு வழியாகவும் பாதி பக்கச்சுவர் வழியாகவும் நுழைவதால் கோட்டின் கடைசி 100, 200 மைக்ரோமீட்டர் கெட்டுத்தான் இருக்கும். இரண்டு முனையிலும் அதைத் தேய்த்து எடுத்துவிட்டுத்தான் நல்ல பகுதிக்கு வர முடியும். துண்டின் மேலும் கீழும் ஒவ்வொரு ஸ்லைடை மெழுகால் ஒட்டி சாண்ட்விச் மாதிரி ஆக்குங்கள், விளிம்பு உடையாது. 600, 1200 சிலிக்கான் கார்பைடு தாளில் தண்ணீர் விட்டுத் தொடங்கி, 9, 3, 1 மைக்ரான் அலுமினா படலம், கடைசியில் சீரியம் ஆக்சைடு. ஒரு தாளிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன் துண்டையும் பிடிப்பானையும் கையையும் கழுவுங்கள், 600ன் ஒரு துகள் 1 மைக்ரான் படலத்துக்கு வந்துவிட்டால் அன்றைய வேலை போச்சு. ஒவ்வொரு படியிலும் துண்டை 90 டிகிரி திருப்பித் தேயுங்கள், முந்தைய படியின் கீறல்கள் முழுக்க மறைந்தனவா என்பது உடனே தெரியும்.

பார்ப்பது, அளப்பது

சாதாரண நுண்ணோக்கியில் ஒன்றும் தெரியவில்லையென்றால் பதறாதீர்கள். பக்கத்து உயிரியல் துறையில் ஃபேஸ் கான்ட்ராஸ்ட் நுண்ணோக்கி இருக்கும், கேட்டுப் பாருங்கள், ஒளிவிலகல் எண் மாறிய இடம் அதில் பளிச்சென்று எழும்.

முதலில் சிவப்பு ஒளி. இணைய ஃபைபர் இழுக்கும் தொழிலாளர்கள் உடைப்பைக் கண்டுபிடிக்க வைத்திருக்கும் சிவப்பு லேசர் பேனாவே போதும், 650 நானோமீட்டர். ஃபைபர் முனையைத் துண்டின் முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து நகர்த்துங்கள், பிடித்துவிட்டால் மறுமுனையில் ஒரு புள்ளி எரியும். பக்கவாட்டில் இருட்டில் பாருங்கள்: கோடு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஒளிர்ந்தால் அது அழகுதான், ஆனால் அந்த ஒளியெல்லாம் வெளியே சிதறுவது. நல்லதில் ஒளிர்வு மங்கலாகவும் முனைவரை சீராகவும் இருக்கும்.

சிவப்பு போனதால் 1550 போகும் என்று முடிவு கட்டாதீர்கள். அலைநீளம் கூடக்கூட அதே வேவ்கைடு ஒளியைப் பிடித்து வைத்திருப்பது கடினமாகிறது, சிவப்புக்குப் போதுமான 0.001 வித்தியாசம் 1550க்குப் போதாமல் போகலாம்.

1550ல் அளக்க, இரண்டு ஃபைபர்களை நேருக்கு நேர் வைத்து வரும் பவரைக் குறித்துக்கொண்டு, அப்புறம் நடுவில் துண்டை வையுங்கள். இடைவெளியில் ஒளிவிலகல் எண் பொருந்தும் ஜெல் ஒரு துளி, இல்லையென்றால் முகத்துக்கு 4 சதவீதம் எதிரொளிப்பில் போகும். இப்போது மிக முக்கியமான சோதனை: பவர் உச்சத்தில் இருக்கும்போது வெளிவாங்கும் ஃபைபரைப் பக்கவாட்டில் 20 மைக்ரோமீட்டர் நகர்த்துங்கள். பவர் அடியோடு விழுந்தால் வேவ்கைடில் வந்த ஒளி. லேசாக மட்டும் குறைந்தால், கண்ணாடி முழுக்கப் பரவி வந்த ஒளியைத்தான் அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

கணக்கு இப்படி: துண்டு 2 சென்டிமீட்டர், மொத்த இழப்பு 2.4 டெசிபெல் (ஒளி எவ்வளவு குறைந்தது என்பதன் அளவு) என்று வையுங்கள். ஃபைபரில் ஒளி 10.4 மைக்ரோமீட்டர் அகலத்தில் இருக்கிறது, வேவ்கைடில் அந்த வடிவம் இல்லை, அந்தப் பொருத்தமின்மையால் முனைக்கு 0.5, இரண்டுக்கும் 1. மீதி 1.4, ஒரு சென்டிமீட்டருக்கு 0.7. முதல் முயற்சிக்கு இது நல்ல எண். 0.5க்குக் கீழே வந்தால் பெருமைப்படலாம், தேர்ந்தவர்கள் 0.1 பக்கம் கொண்டுபோகிறார்கள்.

முப்பது கோட்டுக்கும் அளந்து பட்டியல் போட்டபின் அதே கோடுகளின் நுண்ணோக்கிப் படத்தைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்த இழப்பு எந்தக் கோட்டில் என்று பார்த்தால், படத்தில் கண் முதலில் போகும் கோடாக அது இருக்காது.

சில கோளாறுகள்: மணி கோத்த மாதிரி முடிச்சு முடிச்சாக வந்தால் ஆற்றல் அதிகம் அல்லது வேகம் பொருந்தவில்லை, இரண்டையும் ஒரே சமயத்தில் மாற்றாதீர்கள். நடுவில் அறுந்திருந்தால் மேற்பரப்பில் தூசு. ஒழுங்கான இடைவெளியில் அலை அலையாக வந்தால் ஸ்டேஜையோ, சாலையில் போகும் லாரியையோ சந்தேகப்படுங்கள், கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரக் கட்டடம் என்றால் இரவில் எழுதிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

வளைவுக்குப் போகும்போது

நேர்கோடு சரியாக வந்தபின் வளைவு. ஒளிவிலகல் எண் வித்தியாசம் சிறியது என்பதால் கூர்மையாக வளைத்தால் ஒளி வெளியே போய்விடும், பல பத்து மில்லிமீட்டர் ஆரத்தில் தொடங்குங்கள். இரண்டு வேவ்கைடை ஏழெட்டு மைக்ரோமீட்டர் இடைவெளிக்கு நெருக்கிக் கொஞ்ச தூரம் இணையாக ஓட்டினால் ஒன்றிலிருந்து மற்றதுக்கு ஒளி தாவும், கப்ளர் என்பது அதுதான்.

ஈகிளில் வளைவு இழப்பைக் குறைக்க ஒரு வழி உண்டு: கொஞ்சம் கூடுதல் ஆற்றலில் தடிமனாக எழுதி, பிறகு மஃபிள் அடுப்பில் 750 டிகிரி வரை கொண்டுபோய், மெல்ல மெல்ல ஆறவிடுவது. வெளிவட்டத்தில் தேவையில்லாமல் மாறிய பகுதி அழிந்து நடுப்பகுதி மட்டும் தங்கும். ஆற்றுவதுதான் பல மணி நேரம், அதன் நடுவில் மின்சாரம் போய் அடுப்பு வேகமாகக் குளிர்ந்தால் தகைவு (கண்ணாடிக்குள் இருக்கும் இறுக்கம்) உள்ளேயே உறைந்துவிடும், துண்டு விரிசல் விட்டாலும் விடும். ஆகவே புதுச்சேரி என்றால் மின்துறை, கடலூர் என்றால் மின்வாரியம் வெளியிடும் மின்தடை அறிவிப்பைப் பார்த்துவிட்டு அடுப்பை ஏற்றுங்கள். சாயங்காலம் ஏற்றினால் மறுநாள் காலை கதவைத் திறக்கலாம், உள்ளே 50 டிகிரிக்குக் கீழே வந்திருந்தால் மட்டும்.